ஆவுடையம்மாள் மிதித்து நகர்த்திய வீடு

காலை ஐந்தே முக்கால் மணிக்கு, பதினோரு வீடுகள் கொண்ட வாய்க்கால்கரைத் தெருவின் கிழக்குக் கடைசி வீட்டில், இட்லி மாவு விற்கும் ஆவுடையம்மாள் புதிதாக வாங்கிய சைக்கிள் மெஷினில் கிழக்கு பார்த்து உட்கார்ந்து அரை மணி நேரம் மிதித்துவிட்டு, வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பால் வாங்குவதற்காகக் கதவைத் திறந்து காலை எடுத்து வைத்தபோது, முப்பது வருஷமாக அவள் பாதம் குனிந்து பார்க்காமலே கண்டுபிடித்து இறங்கிய படி நாலு விரற்கடை மேற்கே தள்ளி இருந்தது. படி நகரவில்லை. வீடு நகர்ந்திருந்தது. சுவரும் கூரையும் மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியும், உள்ளே கிரைண்டரும் மாவுத் தூக்குகளும், இறந்துபோன கணவர் சங்கரபாண்டியனின் படமும், படத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த சிவப்பு பல்பும் எல்லாமாகச் சேர்ந்து நாலு விரற்கடை கிழக்கே வந்திருந்தன. படிகள் மட்டும் வரவில்லை.

பால்காரர் துரைப்பாண்டி வண்டியை நிறுத்திப் படியையும் பார்த்தார், வாசலையும் பார்த்தார்.

"என்னக்கா, வீடு லேசா நவுந்தாப்ல இருக்கு?"

"மிதிச்சேன்லா, அதான் போல."

"கிழக்கயா போகுது?"

"கிழக்கத்தான்."

"கிழக்கன்னா நல்லதுதான்" என்று சொல்லி அரை லிட்டரை ஊற்றிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மெஷின் வாங்கியதற்குக் காரணம் தொப்புள். இருபது வருஷம் கிரைண்டர் முன்னால் நின்று, மாவு நிறைந்த தூக்குகளைத் தூக்கித் தூக்கி வைத்ததில் அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, தொப்புளுக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் குடல் பிதுங்கிக்கொண்டு வந்திருந்தது. படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். எமிலி டாக்டர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எடை மெஷினில் ஏறச் சொன்னார். தொண்ணூற்றொன்று காட்டியது.

"இந்த எடையில கத்தி வச்சா தையல் நிக்காது. எண்பதுக்கு வாங்க, செஞ்சு தர்றேன்."

"நடந்தா குறையுமா டாக்டர்?"

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு எவ்வளவு நடப்பீங்க? ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, மாடிப்படி ஏறி இறங்கக்கூடாது. முட்டியில அடி விழாத மெஷினா பாத்து ஒண்ணு வாங்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. வலி வந்து, வாந்தியும் வந்து, வெளிய வந்தது உள்ள போகலைன்னா அப்பறம் காத்திருக்க முடியாது. குடல் மாட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து."

வண்ணாரப்பேட்டையில் உடற்பயிற்சி மெஷின் கடை வைத்திருந்த தவசிமுத்து முன்பு கிரைண்டர் விற்றவர். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நான் தந்த கிரைண்டர் எப்படி ஓடுது ஆச்சி?"

"அது ஓடுது. அது முன்னால நின்ன முட்டிதான் ஓடல."

"அதுக்கு மருந்தும் நானே விக்கேன், வாங்க" என்று சொல்லி, டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அவளை வரிசையாக நிற்கும் மெஷின்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார். "இது டிரெட்மில். எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. ஒவ்வொரு எட்டுக்கும் பாதம் பெல்ட்டுல அறையும், அந்த அறை நேரா முட்டிக்குப் போகும். உங்களுக்கு ஆகாது. இது துடுப்பு மெஷின். முட்டிக்கு அடி இல்ல, ஆனா வயித்த மடக்கி இழுக்கணும், ஹெர்னியாக்காரவுகளுக்கு ஆகாது. இது படி மெஷின், அதப் பாக்கவே பாக்காதீய. இது எலிப்டிக்கல். பாதம் பெடல விட்டு எந்திரிக்கவே செய்யாது, கையும் காலும் சேந்து ஆடும், கொழுப்பு சீக்கிரம் கரையும். ஆனா நிக்கணும்."

"நின்னது போதும் தம்பி."

"அப்போ இதுதான். நாற்காலி மாதிரி சாஞ்சு உக்காந்து மிதிக்க சைக்கிள். முதுகுக்குத் தாங்கல் இருக்கு, வயித்துக்குச் சுமை இல்ல, முட்டி வட்டமா சுத்தும். தெனம் அரை மணி. மூச்சு வாங்கணும், ஆனா பக்கத்துல இருக்கவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுத அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்கணும். அந்த வேகத்துலதான் கொழுப்பு கரையும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தி. பாட்டுப் பாட முடிஞ்சா வேகம் பத்தாது."

"பக்கத்துல யாரு இருக்கா பேச" என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் அந்த சைக்கிளையே வாங்கினாள்.

அதைக் கூடத்தில் கிழக்கு பார்த்துப் போட்டாள். அந்தத் தெருவில் அடுப்பானாலும் பீரோவானாலும் டிவியானாலும் வீட்டுக்குள் வரும் புதுப்பொருளைக் கிழக்கு பார்த்துத்தான் வைப்பார்கள். தெற்கு எமனுடைய திசை, மேற்கு சூரியன் விழுகிற திசை, ஆயுளுக்காக வாங்கிய சாமானை அந்தப் பக்கம் திருப்பி வைக்க யாருக்கும் மனசு வராது. சந்தனமும் குங்குமமும் வைத்து, கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகைப்பூவைச் சுற்றி, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு அவள் மிதித்தாள். வீடு கிழக்கே புறப்பட்டது.

ஏன் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். நாலு விரற்கடை என்றால் சரி என்று தலையாட்டினார்கள், உடம்பு முடியாமல் அவள் ஒருநாள் மிதிக்காமல் விட்டால் இன்றைக்கு நகரவில்லையே என்று விசாரித்தார்கள். மின்வாரியத்து லைன்மேன் வந்து கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரை நீளமாகத் தொங்கவிட்டு, இழுத்துக்கொண்டு நின்றால் ஒரு போன் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பச்சை ஹோஸ் மாட்டினார்கள். ஆவுடையம்மாள் தினமும் வாசலுக்கு நேராகக் கோலம் போட்டாள், வாசல் தினமும் கொஞ்சம் கிழக்கே போனது, பழைய கோலங்கள் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி மேற்கே நீண்டு கிடந்தன. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அந்தக் கோலங்களின் மேலேயே சிலிண்டரை உருட்டி, அவை முடியும் இடத்தில் நின்று குரல் கொடுத்தார். வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தவர்கள், மாவுக் கடை தங்களை நோக்கி வருவதைப் பார்த்து, வாய்க்காலின் மேல் ஒரு பனந்தடியைப் போட்டு வைத்தார்கள். விட்டுப்போன படிகள் மூன்றும் வெட்டவெளியில், எந்த வீட்டுக்கும் ஏறாமல் நின்றன.

நகர்ந்ததில் ஒரு சிக்கல் இருந்தது. ஆவுடையம்மாளின் வீடும் அதற்கு மேற்கே ஒட்டியிருந்த வீடும் முன்பு ஒரே வீடு. மாமனார் போனபிறகு அண்ணன் சங்கரபாண்டியனும் தம்பி கோமதிநாயகமும் பாகம் பிரித்துக்கொண்டார்கள், அண்ணன் நடுவில் ஒரு சுவர் எழுப்பினார். சுவர் எழுந்த அன்றைக்குத் தம்பி மனைவி வடிவின் அடுப்படிக்குக் கிழக்கு வெளிச்சம் நின்றுபோனது. அன்றைக்கே இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நடுவில் சங்கரபாண்டியன் இறந்தார், மகளைத் தென்காசியில் கட்டிக்கொடுத்தாயிற்று, எதற்கும் அந்தப் பேச்சு திரும்பவில்லை. இப்போது வீடு போகும்போது அந்தப் பொதுச்சுவர் யாரோடு போகும் என்று யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை. அது ஆவுடையம்மாளோடு போனது.

முதலில் ஒரு நூல் அளவு கீற்று விழுந்தது. வடிவு பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அந்தக் கீற்று வழியாக வெயில் வந்து அடுப்பின் மேல் ஒரு கோடு போட்டது. அவள் அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்தும் அணைக்கவில்லை. கீற்று ஒரு கையளவு ஆனது, பிறகு ஒரு ஆள் நுழையும் அளவு ஆனது, பிறகு அடுப்படியின் கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்துகொண்டது. பதினோரு வருஷமாகப் பகலிலும் லைட்டைப் போட்டுச் சமைத்த வடிவு, லைட்டை அணைத்துவிட்டு வெயிலில் நின்று கீரை ஆய்ந்தாள், வற்றல் காயப்போட்டாள், தலைமுடியை உலர்த்தினாள்.

கோமதிநாயகம் கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சும்மா விடாதவர். அண்ணியின் வீட்டை விரட்டிப் பிடித்துவிடுவது என்று அவரும் ஒரு எலிப்டிக்கல் வாங்கிப் போட்டு மூன்று நாள் ஆடினார். மூன்றாம் நாள் மூச்சு இரைத்து உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு அந்த மெஷினின் ஒரு கையில் அவருடைய வேட்டியும் மறுகையில் துண்டும் காய்ந்தன, நடுவில் வடிவு பாவாடைகளைப் போட்டாள்.

ஆனால் தெருவில் மற்றவர்கள் விடவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கட்டிலின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்துப் பழகிய நாலாம் வீட்டு மரியசெல்வம், தவசிமுத்துவிடம் போய் வீடு மேலே ஏற எது வேண்டும் என்று கேட்டு, படி மெஷினை வாங்கிவந்து, குடும்பத்தோடு முறைபோட்டு ஏறி, இரண்டு மாதத்தில் வீட்டைத் தெருவைவிட ஒரு முழம் உயர்த்திவிட்டார். ஏழாம் வீட்டு அருள்தாஸ் துடுப்பு மெஷினைத் தெருப்பக்கம் பார்த்துப் போட்டார். துடுப்புப் போடுகிறவனின் முதுகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் படகு போகும் என்பதால் அவருடைய வீடு கொல்லைப்பக்கம் போனது, முன்னால் கார் நிறுத்த இடம் கிடைத்தது. டிரெட்மில் வாங்கிய ஒருவர் வீடு மட்டும் எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே அதிர்ந்து காரை உதிர்ந்தது. அதன்பிறகு அந்தத் தெருவுக்கு யாரும் டிரெட்மில் வாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் முட்டி எப்படி, இடுப்பு எப்படி, எவ்வளவு எடை குறையவேண்டும் என்றெல்லாம் கேட்டுவந்த தவசிமுத்து, வாய்க்கால்கரைத் தெரு ஆட்கள் வந்தால் மட்டும் முதல் கேள்வியாக, "உங்களுக்கு எந்தப் பக்கம் எடம் கெடக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்.

ஆவணி மாதத்தில் ஆவுடையம்மாள் எண்பத்தாறுக்கு வந்தாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள். அதே மாதத்தில் கோமதிநாயகம் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, அண்ணி விட்டுப்போன இடத்தில், தன் அடுப்படியை ஒட்டி ஒரு குளியலறை கட்டினார். நீல டைல்ஸ் பதித்தார், ஷவர் வைத்தார், கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஜன்னலும் வைத்தார். அதன் சுவர் வடிவின் அடுப்படியை மறுபடி மூடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சாயங்காலம் அண்ணி வீட்டின் அநாதையான படிகளில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஆவுடையம்மாள் நேரே வந்து கேட்டாள்.

"தம்பி, அது என் எடம்லா?"

"உங்க எடம்தான் மைனி, யாரு இல்லன்னா? வீடு இருந்தவரைக்கும் உங்க எடம். இப்போ வீட்டக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீய, எடத்த விட்டுட்டுப் போயிட்டீய. வெறும் எடம் வெயில்ல கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"நான் திரும்பி வரணும்லா."

"வாங்களேன். யாரு வேண்டாம்னா? மெதுவா வாங்க. குளிச்சிட்டிருப்பேன்."

தெருக்காரர்கள் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். வீடு ஆவுடையம்மாளுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, இடமும் அவளுடையதுதான். ஆனால் இடத்தின் மேல் வீடு இல்லாதபோது இடத்தை யார் ஆள்வது என்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்றார் அருள்தாஸ். அப்படிப் பார்த்தால் உம் வீட்டு வாசலில் நான் கார் நிறுத்தலாமா என்று மரியசெல்வம் கேட்டார். பேச்சு அங்கிருந்து கார்களைப் பற்றிப் போனது. டீ வந்தது. கலைந்தார்கள்.

அவள் மிதித்தாள். வேறு வழி இல்லை. ஆறு கிலோ மிச்சம் இருந்தது. முன்னால் வாய்க்கால், பின்னால் நீல டைல்ஸ். வடக்கே மாநகராட்சித் தெரு, தெற்கே கொல்லைக் கிணறு. ஐப்பசி பிறந்து மழை பிடித்தபோது வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போனது, வீட்டின் கிழக்குச் சுவர் வாய்க்காலுக்கு இரண்டு முழத்துக்குள் வந்து நின்றது, கூடத்து ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் ஓடும் சத்தம் வீட்டுக்குள் ஓடுவதுபோல் கேட்டது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். நிறுத்திய இரண்டு வாரத்தில் ஒன்றரை கிலோ திரும்ப ஏறியது.

பக்கவாட்டில் திருப்பிப் போடேன் என்று பலரும் சொன்னார்கள். வடக்கே திருப்பி மிதித்தாள், வீடு தெருவின் சாக்கடை மேல் ஏறப்போனது. உடனே நிறுத்தினாள். தெற்கே பார்த்து உட்காரச் சொன்னபோது மட்டும் கோபம் வந்தது. "அறுத்துப் போட்டாலும் தெக்க பாக்க மாட்டேன்" என்றாள்.

ஐப்பசி கடைசியில் ஒரு விடிகாலை வயிற்றில் வலி வந்தது. தொப்புளில் பிதுங்கியது உள்ளே போகவில்லை. படுத்தும் போகவில்லை. கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை மெல்ல அழுத்தியபடி, அவள் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீடு இருந்தால் சுவரில் தட்டியிருக்கலாம். சுவர் இருந்தது, சுவருக்கு அப்பால் யாரும் இல்லை. வெளிச்சம் வந்தபோது அது தானாக உள்ளே போனது. எமிலி டாக்டர் அன்றைக்குத் திட்டினார்.

"இது முதல் எச்சரிக்கை. ரெண்டாவது தடவ இப்படி உள்ள போகும்னு சொல்ல முடியாது. ஏன் மிதிக்கிறத நிறுத்துனீங்க?"

"வாய்க்கா வந்துட்டு டாக்டர்."

"வீடு எங்க வேணாலும் போகட்டும். குடல் வெளிய போகக்கூடாது. பொங்கலுக்குள்ள எண்பதுக்கு வந்தாகணும்."

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததை வடிவு பார்த்தாள். மறுநாள் காலை, கோமதிநாயகம் குளிக்கப் போனதும், வடிவு எலிப்டிக்கல் மேல் கிடந்த வேட்டியையும் துண்டையும் பாவாடைகளையும் எடுத்து மடித்து வைத்துவிட்டு, மெஷினைச் சாய்த்து அதன் சக்கரங்களில் உருட்டிக்கொண்டு, மழையில் பாதி கரைந்த பழைய கோலங்களின் மேல் தெரு நெடுகக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போனாள். ஆவுடையம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏளா, இத எங்க கொண்டுட்டு வார?"

"எனக்கும் சுகர் இருக்குக்கா. டாக்டர் ஆடச் சொல்லியிருக்காரு. எங்க வீட்டுல வெளிச்சம் இல்ல, இங்கன ஆடிக்கிடுதேன்."

"வீடு வாய்க்கால்ல போயி விழும்."

"நீங்க கிழக்க பாத்து மிதிங்க. நான் மேக்க பாத்து ஆடுதேன். ரெண்டும் சரியாப் போயிரும்."

"மேக்க பாத்தா? ஆகாதுளா."

"எனக்கு எல்லாந் திசையும் ஒண்ணுதான். பதினோரு வருஷமா சுவத்தப் பாத்துதான சமைச்சேன்."

மெஷினைக் கூடத்தில் மேற்கு பார்த்து நிறுத்தினாள். இரண்டு மெஷின்களும் எதிரெதிராக, நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடைவெளியில் நின்றன. ஆவுடையம்மாள் சாய்ந்து உட்கார்ந்து மிதித்தாள், வடிவு நின்று கையையும் காலையும் ஆட்டினாள், வேறு பார்க்க இடமில்லாமல் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அரை மணி கழித்து ஆவுடையம்மாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வாய்க்கால் இரண்டு முழத்திலேயே இருந்தது.

முதல் வாரம் மெஷினில் இருக்கும்போது இருவரும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் வேகம் தப்பும், ஒருத்தி இழுத்துவிடுவாள். ஒருநாள் வடிவு வேகமாக ஆடி வீடு ஒரு விரல் மேற்கே வந்தது, மறுநாள் ஆவுடையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து அதை வாய்க்கால் பக்கம் ஒன்றரை விரல் கொண்டுபோனாள். கூரையிலிருந்து தூசி விழுந்தது. அப்போதுதான் அவளுக்குத் தவசிமுத்து சொன்னது ஞாபகம் வந்தது. மூச்சு வாங்கவேண்டும், ஆனால் பேச முடியவேண்டும்.

"மெதுவா ஆடு. மூச்சு வாங்குது பாரு."

"நீங்க மெதுவா மிதிச்சா நானும் மெதுவா ஆடுவேன்."

"பேசிக்கிட்டே மிதிக்கணுமாம். அந்த வேகந்தான் கணக்காம்."

"என்னத்தப் பேச?"

"என்னத்தையாவது பேசு."

வடிவு கொஞ்ச நேரம் ஆடினாள்.

"சுவர் எழுப்பும்போது, ஒரு வெண்டிலேட்டராவது வைக்கட்டுமான்னு கொத்தனார் கேட்டான்லா?"

"கேட்டான்."

"நீங்க வேண்டாம்னீய."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் அடுப்படிக்குள்ளதான நின்னேன். மீன் கொழம்பு வாசம் வரும், வேண்டாம்னீய."

ஆவுடையம்மாள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"நாம சைவம்லாக்கா?" என்றாள் வடிவு.

"எதையாவது சொல்லணும்லா" என்றாள் ஆவுடையம்மாள்.

வடிவுக்குச் சிரிப்பு வந்து மெஷினின் கை நழுவியது. அவள் விட்ட அந்த நேரத்தில் வீடு அரை விரல் கிழக்கே போய்விட்டது. இருவரும் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது.

கார்த்திகையும் மார்கழியும் அப்படிப் போயின. அவர்கள் எதை எதையோ பேசினார்கள். மாமனாரின் கஞ்சத்தனம், வடிவு மகனின் ஜாதகம், அக்கரைக்காரர்களின் பாக்கி, எந்தக் கடை உளுந்து பொங்குகிறது என்பது. வாய்க்காலில் வெள்ளம் போனது, வடிந்தது, வீடு அசையாமல் நின்றது. அசையாத வீட்டை வேடிக்கை பார்க்கத் தெருவில் யாரும் வரவில்லை. கோமதிநாயகம் ஒருநாள் வந்து வாசலில் நின்று, "என் மெஷின் எங்க?" என்று கேட்டார். "துணி காயப்போட கொடி கட்டியிருக்கேன், போங்க" என்றாள் வடிவு, ஆட்டத்தை நிறுத்தாமல். தை பிறந்ததும் ஆவுடையம்மாள் எமிலி டாக்டரின் எடை மெஷினில் ஏறினாள். எழுபத்தொன்பதரை காட்டியது.

தை நாலாம் தேதி அறுவைசிகிச்சை நடந்தது. வலை வைத்துத் தைத்தார்கள், தையல் நின்றது. இரண்டு மாதம் எதையும் தூக்கக்கூடாது, மிதிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவளை மகள் தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது ஆவுடையம்மாள் வீட்டுச் சாவியை வடிவிடம் கொடுத்தாள்.

"வெளக்கு மட்டும் ஏத்து. போதும்."

வடிவு விளக்கு ஏற்றினாள். ஏற்றிவிட்டு எலிப்டிக்கலில் மேற்கு பார்த்து நின்று ஆடினாள். எதிரே சைக்கிள் காலியாக இருந்தது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். எதிர்த்து மிதிக்க ஆள் இல்லாத வீடு மேற்கே புறப்பட்டது, முன்பு கிழக்கே போனதைவிட வேகமாக வந்தது. தெருவில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. லைன்மேன் வந்து ஒயரைச் சுருட்டிக் கட்டினார். அக்கரைக்காரர்கள் பனந்தடியை எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய கோலங்கள் மழையில் கரைந்து எப்போதோ போயிருந்தன, வடிவு புதிதாகப் போட்டவை இப்போது கிழக்கே நீண்டு கிடந்தன.

மாசி மூன்றாம் வாரத்தில் பொதுச்சுவர் குளியலறையின் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே வந்து வெளிச்சத்தை மறைத்தது. கோமதிநாயகம் உள்ளே இருந்தார்.

"ஏ வடிவு! சுவரு வருதுளா! நிறுத்து, குளிச்சிட்டிருக்கேன்!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்கியபடி குரல் வந்தது. "சோப்பு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"அப்போ தண்ணிய ஊத்திட்டு வெளிய வாங்க."

"எளா, நீல டைல்ஸுளா!"

"எனக்கு வெளிச்சம் வேணும்" என்றாள் வடிவு. மூச்சு வாங்கியது, ஆனால் பேச முடிந்தது.

அவர் இடுப்பில் துண்டோடு வெளியே வந்தார். அன்று மாலையே ஷவரையும் குழாயையும் கதவையும் கழற்றி எடுத்துக்கொண்டார். பிறகு நாலு நாள் டைல்ஸ் ஒவ்வொன்றாக உடையும் சத்தம் தெருவுக்குக் கேட்டது, அருள்தாஸ் வந்து உடையாத ஆறு டைல்ஸைக் கேட்டு வாங்கிப் போனார். குளியலறை இருந்த இடம் செங்கல்லும் மண்ணுமாகி, மூட்டைகளாகி, வண்டியேறிப் போனது. சுவர் தன் பழைய இடத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வடிவு மெஷினிலிருந்து இறங்கினாள். அந்த ஒரு முழச் சந்தில் உச்சிப்பொழுதுக்கு வெயில் இறங்கி அவள் அடுப்பு வரைக்கும் வந்தது. வாசலுக்கும் பழைய படிகளுக்கும் நடுவிலும் அதே ஒரு முழம் மிச்சமிருந்தது.

2023 மார்ச் 17-ஆம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு ஆவுடையம்மாள் தென்காசியிலிருந்து வந்து இறங்கி, பழைய படிகளின் கிழக்கு ஓரத்தில் கால் வைத்து ஏறி, அங்கிருந்து ஒரு எட்டு அகலமாக எடுத்து வைத்து வீட்டுக்குள் போனாள்.